'என்ன விலை'க்கு முன்னால் ஓர் 'அக்கா'

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைப் பெண் அடுத்த மாதம் பெரு நாட்டுக்குப் போகிறாள். லிமா, குஸ்கோ, மாச்சு பிச்சு என்று பதினைந்து நாள் பயணம். போன வாரம் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, "அக்கா, நீங்க மெக்ஸிகோ போறதுக்கு முன்னாடி ஸ்பானிஷ் படிச்சீங்கல்ல, எனக்கு ஒரு அம்பது வாக்கியம் எழுதிக் கொடுங்களேன். இல்ல, ஃபோன்லயே மொழிபெயர்த்துக்கலாமா, அதுவே போதுமா?" என்று கேட்டாள். "முதல்ல வணக்கம் சொல்லப் பழகு, மத்ததெல்லாம் அப்புறம்" என்றேன். "அது தெரியும்க்கா, ஓலா" என்று சொல்லிவிட்டு மோர்க்குழம்பைப் பிசைய ஆரம்பித்துவிட்டாள். பேச்சு வேறு எங்கேயோ போய்விட்டது. எனக்குத்தான் அது முடியவில்லை. நான் சொல்ல வந்தது ஓலா இல்லை. அது என்ன என்று அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக மனசுக்குள் வாக்கியம் கோத்துப் பார்க்கிறேன், இரண்டு வரிக்குள் அடங்கவே மாட்டேன் என்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நோட்டில் இருந்த அறுபது வாக்கியம்

2023 பிப்ரவரியில் நானும் கணவரும் மெக்ஸிகோ போனோம். தலைநகரத்தில் ஐந்து நாள், அப்புறம் தெற்கே வஹாக்காவில் பத்து நாள். போவதற்கு மூன்று மாதம் முன்பே படிக்கத் தொடங்கிவிட்டேன். காலையில் மின்சார ரயிலில் கைபேசிச் செயலி, ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் ஒரு நோட்டு. அந்த நோட்டில் அறுபது வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்தேன். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தால் ஆங்கில உச்சரிப்புதான் வாயில் வருகிறது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துபோனது. 'தியாஸ்' என்று நாக்கு பல்லைத் தொட்டு வரவேண்டிய சொல் 'டியாஸ்' என்று வந்து நிற்கும். தமிழில் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. ஸ்பானிஷில் இருப்பது நம் 'த'தான். 'ட'வுக்கு அங்கே வேலையே கிடையாது. 'மஞ்ஞானா' என்றால் நாளை, அதில் வருவது நம் 'ஞ'. சிக்கல் வந்தது ப-வில் மட்டும்தான். 'பெசோஸ்' என்று எழுதினால் அது காசா முத்தமா என்று நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஒன்றில் உதடு அழுத்தி வரும் ப, மற்றதில் தளர்ந்து வரும் ப. அதற்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு.

இன்னொன்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷத்தைக் கொடுத்தது. நான் நாகர்கோவில்காரி. எங்கள் ஆச்சி ர-வையும் ற-வையும் ஒருநாளும் ஒன்றாகச் சொன்னதில்லை. 'அரம்' என்றால் இழைக்கிற அரம், 'அறம்' என்றால் தர்மம், இரண்டையும் ஒரே மாதிரி சொன்னால் "என்ன பிள்ள, நாக்கு செத்துப் போச்சா" என்று கேட்பாள். சென்னைக்கு வந்து இருபது வருஷத்தில் என் ற எங்கேயோ தொலைந்து போயிருந்தது. ஸ்பானிஷில் 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்றால் நாய். நாக்கு நுனி ஒரு தட்டுத் தட்டினால் ஒன்று, உருண்டு அதிர்ந்தால் மற்றது. வட இந்திய நண்பர்களும் ஆங்கிலத்தில் வளர்ந்த பிள்ளைகளும் திணறுகிற இடத்தில் எனக்கு ஆச்சியின் ற திரும்பி வந்தது.

இலக்கணத்திலும் இதே கதைதான். செயலி எல்லாவற்றையும் ஆங்கிலம் வழியாகவே சொல்லித் தருகிறது. 'ஐ லைக் காஃபி' என்று காட்டிவிட்டு 'மே குஸ்தா எல் கஃபே' என்கிறது. ஆங்கிலத்தில் நான்தான் எழுவாய், இங்கே காபி எழுவாய் ஆகிவிட்டது, எப்படி என்று ஆங்கிலக்காரர்கள் பாடம் பாடமாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நமக்கு அதில் ஒன்றுமே இல்லை. 'எனக்குக் காபி பிடிக்கும்.' அவ்வளவுதான். 'மே துவேலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது. மே என்றால் எனக்கு. வினையின் வாலைப் பார்த்தே யார் என்று தெரிந்துவிடுவதால் நான், நீ என்று ஒவ்வொரு தடவையும் சொல்லவும் வேண்டாம். 'வருகிறேன்' என்றால் போதும் என்பது போல 'வேங்கோ' என்றால் போதும். நீ, நீங்கள் கூட உண்டு, 'தூ', 'உஸ்தேத்' என்று. தமிழ் தெரிந்தவர்கள் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு இந்த மொழிக்குள் போவது, வடசேரியிலிருந்து கோட்டாறு போக திருநெல்வேலி சுற்றுவது மாதிரி. படிக்கப் போகிறவர்கள் தயவுசெய்து ஒரு தமிழ் நோட்டு போடுங்கள்.

இதெல்லாம் நல்ல கதை. நோட்டை இப்போது எடுத்துப் பார்க்கும்போது உறுத்துவது வேறு. அந்த அறுபது வாக்கியமும் எனக்கு என்ன வேண்டும் என்பதைப் பற்றியவை. எவ்வளவு, எங்கே, எத்தனை மணிக்கு, ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு டிக்கெட், இறைச்சி வேண்டாம், பில் கொடுங்கள், கழிப்பறை எங்கே. 'புவெனோஸ் தியாஸ்', அதாவது காலை வணக்கம், முதல் பக்கத்தில் முதல் வரியில்தான் இருந்தது. அது எளிது, எப்போதோ தெரிந்துவிட்டது என்று டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போயிருக்கிறேன்.

த்லகொலூலாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

வஹாக்கா நகரத்திலிருந்து கிழக்கே முப்பது கிலோமீட்டர் போல இருக்கும் த்லகொலூலா. ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரிய சந்தை. சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள், தெரு தெருவாகப் பந்தல் போட்டிருக்கும். பங்கு டாக்சி ஒன்றில் நெருக்கி உட்கார்ந்து போய் இறங்கினோம். இறங்கினதும் எனக்கு ஊர் ஞாபகம்தான். தரையில் பாய் விரித்து, தக்காளி, வெங்காயம், மிளகாய் எல்லாம் கூறு கட்டி வைத்திருந்தார்கள். தராசு இல்லை. ஒரு கூறு இவ்வளவு என்றுதான் விலை. சப்பாத்திக்கள்ளி மடலை முள் சீவி அடுக்கி வைத்திருந்தார்கள், அங்கே அது காய்கறி. நம் சப்போட்டாவுக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்துதான், நாவாத்ல் மொழியின் 'த்சபொத்ல்', ஸ்பானிஷில் 'சபோதே' ஆகி நம்மிடம் வந்து சேர்ந்தது. மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி எல்லாமே அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவைதான். இதையெல்லாம் பார்த்த சந்தோஷத்தில் கால் தரையில் படாமல் நடந்துகொண்டிருந்தேன்.

வத்தல் மிளகாய் விற்கிற ஓர் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். அறுபது வயது இருக்கும். கட்டம் போட்ட துணியில் பூவேலை செய்த முன்கச்சை, இரட்டைப் பின்னல், பின்னலோடு சேர்த்து முடைந்த பச்சை ரிப்பன். முன்னால் ஆறேழு வகை மிளகாய். அதில் ஒன்று கருஞ்சிவப்பாக, தோல் சுருங்கி, விரல் நீளத்துக்கும் அதிகமாக இருந்தது. புகை போட்டு உலர்த்தின பசில்லா மிளகாய். கிட்டப் போகும்போதே விறகடுப்பு வாசம் அடித்தது. அதைக் காட்டி, மூன்று மாதம் பழகின உச்சரிப்பில், ஒரு எழுத்துகூடப் பிசகாமல் கேட்டேன்: "குவாந்தோ குவெஸ்தா?" எவ்வளவு விலை?

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "புவெனோஸ் தியாஸ்" என்றார்.

காதில் விழவில்லை போல என்று நினைத்தேன். பக்கத்தில் யாரோ ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் குரலை உயர்த்தி மறுபடி கேட்டேன், "குவாந்தோ குவெஸ்தா?" அவர் அதே முகத்தோடு, கோபமும் இல்லை சிரிப்பும் இல்லை, இந்தத் தடவை மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி பிரித்துப் பிரித்து, "புவெனோஸ்... தியாஸ்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்து என் கணவர் உதவி செய்கிறேன் என்று கைபேசியை எடுத்து, அதில் தமிழில் பேசி, திரையை அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். வெயில் திரையில் பட்டுப் பளபளத்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

அதற்குள் ஒரு வயசானவர் வந்தார். வைக்கோல் தொப்பி, கையில் பிளாஸ்டிக் கூடை. "புவெனோஸ் தியாஸ், மார்ச்சாந்தா" என்றார். அம்மாவும் "புவெனோஸ் தியாஸ்" என்றார். "கோமோ அமனெசியோ?" என்று அவர் கேட்டார். பொழுது எப்படி விடிந்தது உங்களுக்கு, என்பது போல. நன்றாக விடிந்தது, கடவுள் புண்ணியம், உங்களுக்கு? எனக்கும் அப்படித்தான். அதற்குப் பிறகுதான் அவர் மிளகாயைக் கையில் எடுத்து, நுனியைக் கிள்ளி முகர்ந்து பார்த்து, "ஆ கோமோ எல் மொந்தோன்?" என்றார். கூறு என்ன விலை? மொத்தமே இருபது வினாடி இருக்கும். அந்த இருபது வினாடியில் எனக்கு முகம் சூடாகிவிட்டது. அந்த அம்மாவுக்கு நான் கேட்டது நன்றாகவே காதில் விழுந்திருக்கிறது. எதைக் கேட்பதற்கு முன்னால் எது வர வேண்டுமோ அது வரவில்லை, அதனால் கேள்வி இன்னும் தொடங்கவில்லை என்று அவர் எனக்கு இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் புரியவில்லை. எழுந்து, "திஸ்குல்பே", மன்னியுங்கள், என்று முணுமுணுத்துவிட்டு, மிளகாய் வாங்காமலே வந்துவிட்டேன்.

நம்மிடம் அது வேறு இடத்தில் இருக்கிறது

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் மரியாதை தெரியாதவள் இல்லையே என்றுதான் திரும்பத் திரும்ப ஓடியது. காய்கறிக்காரியிடம் ஒரு நாளும் நான் 'காலை வணக்கம்' சொன்னதில்லை, அப்படிச் சொன்னால் அவளே ஒரு மாதிரி பார்ப்பாள். அப்படியானால் ஊரில் நான் என்ன செய்கிறேன்? வடசேரிச் சந்தையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு மனசுக்குள் வாயைத் திறந்து பார்த்தேன். "அக்கா, இந்த வத்தல் என்ன வில?"

அங்கேதான் இருந்தது. அந்த 'அக்கா'.

யோசித்துப் பார்த்தால் தமிழில் நான் யாரிடமும் மொட்டையாக 'என்ன விலை' என்று கேட்டதே கிடையாது. அண்ணே, அக்கா, தம்பி, பாட்டி, ஐயா, அம்மா, ஏதோ ஒன்று முன்னால் வந்துவிடும். பஸ் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கும்போது, ஆட்டோக்காரரிடம் வழி கேட்கும்போது, மருந்துக்கடைப் பையனிடம் சில்லறை கேட்கும்போது. முன்பின் தெரியாத ஆளை ஒரு நொடியில் சொந்தமாக்கிவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போகிறோம். அதற்கு ஒரு பெயர்கூட வைத்ததில்லை. கடைக்காரரும் "வாங்கக்கா" என்றுதான் பதில் சொல்கிறார், யாருக்கு யார் மூத்தவர் என்ற கணக்கெல்லாம் அங்கே கிடையாது. அந்த வயசானவர் சொன்ன 'மார்ச்சாந்தா'வும் அப்படித்தான் என்று பிற்பாடு தெரிந்தது. மெக்ஸிகோச் சந்தைகளில் வாங்குகிறவர் விற்கிறவரை அப்படி அழைப்பார், விற்கிறவரும் வாங்குகிறவரை அப்படியே அழைப்பார். ஆணென்றால் மார்ச்சாந்தே.

நான் என்ன செய்திருக்கிறேன் என்றால், 'என்ன விலை'யை மட்டும் மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அக்காவை வீட்டிலேயே விட்டுவிட்டேன். ஏனென்றால் நான் படித்த எந்தப் புத்தகத்திலும், எந்தச் செயலியிலும் அக்கா ஒரு பாடமாக இல்லை. ஆங்கிலத்தில் 'எக்ஸ்க்யூஸ் மீ, ஹவ் மச்' என்று போய்விடலாம். அதை அப்படியே ஸ்பானிஷாக்கினால் இலக்கணம் சரியாக இருக்கும், மனுஷியிடம் பேசுவதாக இருக்காது. ஊரில் யாராவது பெரிய இடத்து ஆள் வண்டியிலிருந்து கண்ணாடியை இறக்கி, "ஏய், இது எவ்வளவு?" என்று கேட்டால் நம் காய்கறிக்கார அக்கா எப்படி முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். அப்படித் திருப்பிக்கொள்வதை ரசித்தும் இருக்கிறேன். அன்று கண்ணாடியை இறக்கின ஆள் நான்தான்.

அடுத்த நாளிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன். மளிகைக் கடைக்குள் நுழைகிறவர்கள் கல்லாவில் இருப்பவரிடம் மட்டுமில்லை, பொதுவாகக் கடைக்கே ஒரு 'புவெனோஸ் தியாஸ்' சொல்கிறார்கள். மத்தியானம் தாண்டினால் 'புவெனாஸ் தார்தெஸ்', இருட்டினால் 'புவெனாஸ் நோச்செஸ்'. சின்னச் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டு எழுந்து போகிறவர், பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் அறிமுகமில்லாத ஆட்களைப் பார்த்து 'ப்ரொவேச்சோ' என்கிறார். சாப்பிடுவது உடம்பில் ஒட்டட்டும் என்று வாழ்த்துவது மாதிரி. நெரிசலில் தாண்டிப் போக 'கோன் பெர்மிசோ'. காதில் சரியாக விழவில்லை என்றால் 'என்ன?' என்று கேட்பதில்லை, 'மாந்தே?' என்கிறார்கள், 'சொல்லுங்க' என்கிற பணிவு அதில் இருக்கிறது. கிளம்பும்போது 'கே லே வாயா பியென்', நல்லபடியாகப் போய் வாருங்கள். நம் 'போயிட்டு வாங்க'தான் அது. எந்தக் கடைக்காரரும் அதைச் சொல்லாமல் என்னை அனுப்பவில்லை. இதில் ஒன்றுகூட எனக்கு எதையும் வாங்கித் தராது, எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காது. அதனால்தான் என் நோட்டில் அவை இல்லை.

கேட்கத் தெரிந்தால் போதுமா

இன்னொரு பிசகும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், பெருவுக்குப் போகிறவளுக்கு உதவும். கேள்வியைச் சுத்தமாகக் கேட்டால் பதிலும் அதே வேகத்தில் வரும். நம் உச்சரிப்பைப் பார்த்து இவளுக்கு நன்றாகத் தெரியும் என்று எதிராளி நினைத்துக்கொள்வார். 'செசெந்தா' என்றால் அறுபது, 'செதெந்தா' என்றால் எழுபது. கடைத்தெரு இரைச்சலில் இரண்டும் ஒன்றுதான். 'தோஸ்' இரண்டு, 'தோசே' பன்னிரண்டு. பஸ் நிலையத்தில் இதைத் தப்பாகக் காதில் வாங்கி, இரண்டாம் நம்பர் வாசலுக்குப் பதில் பன்னிரண்டில் இருபது நிமிஷம் நின்றோம். டாக்கோ கடையில் 'கோன் தோதோ?' என்று கேட்டுக்கொண்டே கையை வெங்காயத்துக்கும் கொத்தமல்லிக்கும் கொண்டுபோவார்கள், எல்லாம் போடவா என்று அர்த்தம். 'பாரா யெவார்?' என்றால் பார்சலா. இப்படி எதிர்ப்பக்கத்திலிருந்து வரக்கூடிய கேள்விகள் ஒரு பதினைந்து இருக்கும், அவ்வளவுதான். நம் ஊர் ஹோட்டலில் உட்கார்ந்தால் நம்மிடம் என்னென்ன கேட்பார்கள் என்று யோசித்தாலே பட்டியல் கிடைத்துவிடும். நான் பேசுவதற்கு அறுபது வாக்கியம் படித்தேன், கேட்டுப் புரிந்துகொள்ள ஒன்றுமே படிக்கவில்லை. திரும்பப் போனால் பாதிக்குப் பாதி பிரிப்பேன். எண்களை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, யாரையாவது வேகமாகச் சொல்லச் சொல்லி, காதால் பழகுவேன்.

சாப்பாட்டு வாக்கியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் சைவம். 'சின் கார்னே', இறைச்சி இல்லாமல், என்று படித்துக்கொண்டு போனேன். 'கார்னே' என்று சொன்னால் பல இடங்களில் அவர்கள் மனசில் வருவது மாட்டிறைச்சி மாதிரியான சிவப்பு இறைச்சிதான். கோழி அதில் சேர்த்தியில்லை, பன்றித் தொடைக்கறியான 'ஹமோன்' சேர்த்தியில்லை. இறைச்சி இல்லாத சோறு கோழிச்சாற்றில் வெந்திருக்கும். கறுப்பு பீன்ஸ் பன்றிக் கொழுப்பில் தாளித்திருக்கும், அதற்குப் பெயர் 'மாந்தேகா'. வஹாக்காவில் த்லயூதா என்று ஒன்று, தட்டை விடப் பெரிய மொறுமொறு சோள ரொட்டி, அதன்மேல் முதல் பூச்சே 'அசியெந்தோ'. பன்றிக் கொழுப்பை உருக்கும்போது அடியில் தங்குகிற கசடு. 'சின் அசியெந்தோ' என்று சொல்லத் தெரிந்த அன்றுதான் எனக்கு நிம்மதியாகச் சாப்பிடக் கிடைத்தது: பீன்ஸ், நூல் நூலாகப் பிரியும் கெசில்லோ சீஸ், அவகாடோ. இந்தச் சொல் எந்தப் பயண அகராதியிலும் எனக்குக் கிடைக்கவில்லை. தங்கியிருந்த வீட்டு அம்மாள் சொல்லிக் கொடுத்தார். அவரிடமும் நான் அதைக் கேட்டது, காலையில் அவர் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போது பக்கத்தில் போய் நின்று பொழுது எப்படி விடிந்தது என்று விசாரித்த பிறகு.

கைபேசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணவருக்குக் காய்ச்சல் வந்து மருந்துக்கடைக்குப் போன அன்று, எத்தனை மணிக்கு ஒரு மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையெல்லாம் கைபேசிதான் பேசியது. உடம்பு விஷயத்தில் என் அரைகுறை ஸ்பானிஷை நம்பமாட்டேன். ஆனால் அங்கேயும் உள்ளே நுழைந்ததும் 'புவெனாஸ் தார்தெஸ்' நான்தான் சொன்னேன், அப்புறம்தான் கைபேசியை எடுத்தேன். அந்தப் பெண்ணே அதை வாங்கித் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பொறுமையாகத் தட்டச்சு செய்தார்.

அடுத்த ஞாயிறு

ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னால் இன்னொரு ஞாயிறு வந்தது. கணவர் மோன்தே அல்பான் மலைக்கு இன்னொரு தடவை போகலாம் என்றார். அந்தப் பகுதியின் பழங்குடிகளான ஸபோதெக் மக்கள் ஆயிரம் வருஷத்துக்கும் மேல் தலைநகரமாக வைத்திருந்த மலை உச்சி, அதை எத்தனை தடவையும் பார்க்கலாம்தான். நீங்கள் போங்கள், நான் த்லகொலூலாவுக்குப் போகிறேன் என்றேன்.

அந்த அம்மா அதே இடத்தில், அதே ரிப்பனோடு இருந்தார். பக்கத்தில் அதே சிறுமி. குனிந்து, "புவெனோஸ் தியாஸ், மார்ச்சாந்தா" என்றேன். மார்ச்சாந்தா என்று சொல்லலாமா, எனக்கு அந்த உரிமை உண்டா என்று டாக்சியில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். வாயில் வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது, தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். "புவெனோஸ் தியாஸ், மார்ச்சாந்தா. கோமோ அமனெசியோ?" என்றார். நன்றாக விடிந்தது, உங்களுக்கு? என்றேன். எங்கிருந்து எங்களைப் பார்க்க வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். "தே தோந்தே நோஸ் விசிதா?" எந்த ஊர் என்று கேட்பதற்கு அங்கே அப்படி ஓர் அழகான வழி இருக்கிறது. இந்தியா என்றேன். அங்கே மிளகாய் உண்டா என்றார். உண்டு, நிறைய, உங்கள் ஊரிலிருந்து வந்ததுதான் என்று சொல்ல ஆசைப்பட்டேன், பாதி வாக்கியத்தில் வினைச்சொல் கிடைக்காமல் நின்றுவிட்டேன். "மன்னித்துக்கொள்ளுங்கள், ஸ்பானிஷ் இப்போதுதான் படிக்கிறேன்" என்றேன், "எஸ்தோய் அப்ரெந்தியெந்தோ".

அவர் சிரித்துவிட்டார். "யோ தம்பியேன்" என்றார். நானும்தான்.

எனக்குப் புரியவில்லை என்று பார்த்து, மெதுவாகச் சொன்னார். வீட்டில் பேசுவது ஸபோதெக், ஸ்பானிஷ் பள்ளிக்கூடத்தில் படித்தது, பள்ளிக்கூடம் போனது மூன்று வருஷம். பிறகு சிறுமியின் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார், அதில் ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. குரல் ஏறி இறங்கி, பாட்டு மாதிரி இருந்தது. ஸபோதெக்கில் சுருதி மாறினால் பொருள் மாறும். மெக்ஸிகோவில் இப்படி 68 பழங்குடி மொழிகளை 2003-இல் வந்த சட்டம் தேசிய மொழிகள் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது, அதெல்லாம் நான் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். வஹாக்கா நகரச் சந்தைக்குப் பெயரே பெனிட்டோ ஹுவாரெஸ். நாட்டின் அதிபராக இருந்த ஸபோதெக்காரர், 1818-இல் பன்னிரண்டு வயதில் மலைக் கிராமத்திலிருந்து நகரத்துக்கு நடந்தே வந்தபோது அவருக்கு ஸ்பானிஷ் சரியாகப் பேசத் தெரியாது. இத்தனையும் தெரிந்திருந்தும், போன ஞாயிறு இந்த அம்மா எனக்குப் பிரித்துப் பிரித்துச் சொல்லிக் கொடுத்த அந்த இரண்டு சொல்லை அவரும் ஒரு காலத்தில் எழுத்துக் கூட்டித்தான் படித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. யாருடைய மொழியிலோ வாங்கவும் விற்கவும் வந்து உட்கார்ந்த இரண்டு பேர் நாங்கள். வணக்கத்தை மட்டும் அவர் ஒரு நாளும் மிச்சம் பிடிக்கவில்லை.

"ஆ கோமோ எல் மொந்தோன்?" என்று கேட்டேன். செசெந்தா என்றார். அறுபதா எழுபதா என்று விரலைக் காட்டிக் கேட்டேன், ஆறு விரலைக் காட்டினார். பேரம் பேசவில்லை. இரண்டு கூறு வாங்கினேன். பழைய செய்தித்தாளில் சுற்றி, நான்கு பக்கமும் மடித்து என் கையில் கொடுத்தார். நான் பையில் வைத்துவிட்டு எழுந்திருக்கப் போனபோது, "எஸ்பெரே", பொறுங்கள் என்றார். பக்கத்துக் குவியலிலிருந்து வேறு ஒரு வகை, சின்னதாக, உருண்டையாக இருந்த மிளகாயில் ஒரு கைப்பிடி அள்ளி, அந்தப் பொட்டலத்தை மறுபடி பிரிக்கச் சொல்லி, மேலே போட்டார். காசு எவ்வளவு என்று பையைத் திறந்தேன். கையை ஆட்டி வேண்டாம் என்றார். "எஸ் எல் பிலோன்" என்றார். அந்தச் சொல் என் நோட்டில் இல்லை. சிறுமி எனக்குப் புரியவைக்க, தன் உள்ளங்கையை நீட்டி, அதில் ஏதோ சின்னதாக ஒன்றை வைப்பது போலக் காட்டினாள்.

கொசுறு.